ஏழு ஒன்பது

– அந்த நாற்காலி வேணாம்ணே, கால் ஆடும். விசிறிக்கு நேரா இப்படி வந்து உக்காருங்க. நவமணி வரமாட்டா. அதைச் சொல்லத்தான் என்னை இங்க இருக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா.

– வரமாட்டான்னா என்ன அர்த்தம் சுலைகா? இன்னிக்கு வரமாட்டாளா, எப்பவுமே வரமாட்டாளா?

– அதெல்லாம் அப்புறம். மொதல்ல தே தாரே குடிங்க, அத்தா கையால இழுத்து ஆத்தின டீ. அத்தா கடைக்கு வந்துட்டு வெறும் வாயோட திரும்பினா அத்தா என்னைத்தான் ஏசுவாங்க. கோலாலம்பூர்ல ரப்பர் தோட்டக் கம்பெனி ஆபிஸ்ல நீங்க பெரியவரு, நான் தட்டெழுத்துப் புள்ள. இது கோலா சிலாங்கூரு, எங்க கடை. இங்க நான் சொல்றபடிதான் நீங்க கேக்கணும்.

– நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள சிங்கப்பூர் கம்பெனிக்குப் பதில் போடணும். பையில ரெண்டு வேலைக் கடிதம் இருக்கு. ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு அவளுக்கு. மொத்தத்துல, அவ வந்தா போவேன். அவ வரலைன்னா அங்க போய் நான் என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியல.

– அவளுக்கும் கடிதமா? அவ மனுவே போடலையே.

– நான் சொன்னேன். என்னைக் கூப்பிட்டுப் பேசினப்ப, எங்க ஆபிஸ்ல ஒருத்தி இருந்தா, அவளை மாதிரி டேட்டாவப் புரிஞ்சவங்க இங்க உங்களுக்குக் கிடைக்கமாட்டாங்கன்னு சொன்னேன். அவ வரைஞ்ச தாள் ரெண்டு வச்சிருந்தேன், காட்டினேன். பாத்துட்டு, இவங்களையும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. அங்க எல்லாமே வேற மாதிரி சுலைகா. கம்பிக்கு, லைனுக்குன்னு ஒரு ஆர்க்கிடெக்ட். யாரு எந்த ஃபைலைத் திறக்கலாம், திருட்டுப் போகாம எப்படிக் காக்கிறதுன்னு பாக்க ஒருத்தரு. டேட்டாவுக்குன்னு தனியா ஒருத்தரு. இத்தனையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு மொத்தத்துல பாக்க ஒரு ஆளு. அந்த மொத்தம் பாக்கிற வேலைதான் எனக்கு. டேட்டா அவளுக்கு.

– வாயத் தொறந்தா மொத்தம். உங்க ரூம் கதவுல 'சிஸ்டம் ஆர்க்கிடெக்ட்'னு பலகை மாட்டினாங்களே, நெனப்பிருக்கா? தஞ்சோங் காராங்லேருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவரு, பாக்சிக் ஒருத்தரு வந்து, நெல்லுக் களத்துக்குப் பக்கத்துல வீடு கட்டப் போறேன், பிளான் போட்டுக் குடுன்னு உங்க மேசைக்கு முன்னால உக்காந்துட்டாரு. வீட்டுக்குப் பிளான் போடறவர் இவர் இல்ல, மெஷினுக்குப் போடறவருன்னு நவமணிதான் அவருக்கு மலாய் பாஷையில பொறுமையா எடுத்துச் சொன்னா. அவர் கேட்டாரு பாருங்க, மெஷினுக்குள்ள யாரு குடியிருக்கான்னு.

– அன்னிக்கு நவமணி சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் காதுல இருக்கு.

– சிரிச்சா. பொறகு என்கிட்ட வந்து, அந்தப் பாக்சிக் சரியாத்தான் கேட்டாரு சுலைகா, நம்ம ஆபிஸ்ல அதை யாரும் கேக்கிறதில்லைன்னா.

– என்கிட்ட அதைச் சொல்லலையே.

– உங்ககிட்ட எத்தனையோ சொல்லல. சொன்னதையும் நீங்க வாங்கிக்கல. கோபப்படாதீங்கண்ணே, பஸ்ஸு நாலு மணிக்குத்தான். அதுவரைக்கும் நான் பேசுவேன், நீங்க கேப்பீங்க. அவ சொல்லி அனுப்பினதை மட்டும் சொல்லணும்னா ரெண்டு நிமிஷம். ஆனா நடந்ததச் சொல்லாம அதை மட்டும் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் புரியாது. நீங்களும் அவ ரோசக்காரி, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னே நெனச்சுக்கிட்டு சிங்கப்பூர்ல உக்காந்திருப்பீங்க.

– அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். வேற என்ன நெனைக்க? போன வருஷம் பிப்ரவரி மாசம், ஒரு திங்கக்கெழமை வரல. செவ்வாய்க்கெழமை வரல. மேசையில பென்சிலெல்லாம் சீவி அடுக்கி வச்சிருந்துச்சு. நாலு கடிதம் எழுதினேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. இப்பவும் காலையில நாசி லெமாக் சோறு ரெண்டு பொட்டலம் வாங்கிட்டு, ஆபிஸ் வாசல்ல வந்துதான் ஒண்ணு போதுமேன்னு ஞாபகம் வருது. தங்கராஜு கூட கேலி பண்றான்.

– தங்கராஜுண்ணன் இன்னும் லைன் லைன்னு மோட்டார் சைக்கிள்லயே சுத்துதா?

– சுத்துறான். தோட்டத்து டெலிபோன் மழைக்கு அறுந்துடுது, அவன் போய் ஒட்டிட்டு வர்றான். ஜெய்னுலாப்தீன் மெஷின் ரூம் சாவிய அரைஞாண்ல கட்டிக்கிட்டுத்தான் தூங்குறாரு. எல்லாம் அப்படியே இருக்கு. அவ நாற்காலி மட்டும் காலி. ஒரு பையனை அனுப்பினாங்க, நல்லாப் படிச்சவன். எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு கேட்டா கரெக்டா சொல்றான். ஆனா எதுக்கு வரணும்னு எனக்கு எதிர்த்துக் கேக்க ஆள் இல்ல.

– அவ எதிர்த்துக் கேட்ட அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

– எந்த அன்னிக்கு?

– பாருங்க, மறந்துபோச்சு. எனக்கு மறக்கல. எண்பத்தாறு நவம்பரு, மேல்மாடி ரூம்ல கூட்டம். நான் தாள் கட்டு எடுத்துட்டு வந்து செவுத்தோரமா நின்னுக்கிட்டிருந்தேன். பெரிய துரை இருந்தாரு, நீங்க, தங்கராஜுண்ணன், ஜெய்னுலாப்தீன் காக்கா, இன்னும் நாலஞ்சு பேரு. பதினோரு தோட்டத்து ஆளுங்க பேரையும் கை நோட்டுலேருந்து மெஷினுக்கு மாத்தப் போறோம்னு நீங்க பலகையில கட்டம் கட்டமா வரைஞ்சீங்க. ஒரு ஆளை மெஷின் எதை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கும்னு துரை கேட்டாரு. நீங்க ஐசி நம்பரு, அடையாளக் கார்டுல இருக்கிற நம்பருன்னீங்க.

– கரெக்டுதானே. ஐசி நம்பர் ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்காது, மாறவும் மாறாது. தோட்டத்துல ஒரே பேருல ஏழு பேரு இருப்பான். எந்த ஆர்க்கிடெக்டும் அதைத்தான் எடுப்பான்.

– நவமணி எழுந்திரிச்சா. அது அரசாங்கம் குடுக்கிற நம்பரு, நாம குடுக்கிறது இல்ல, அதை நம்பி ஒரு ஆளு இருக்கானா இல்லையான்னு நாம முடிவு பண்ணக்கூடாதுன்னா. நம்மகிட்ட வேலை செய்யிறவனுக்கு நாமதான் அடையாளம் குடுக்கணும், ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சு ஆளுக்கொரு நம்பரு, ஐசியைப் பக்கத்துல இன்னொரு கட்டமா வச்சுக்கலாம், அது காலியா இருந்தாலும் ஆளு இருப்பான்னா. சத்தமாக் கூடப் பேசல. நீங்க சிரிச்சீங்க.

– சிரிச்சேனா?

– சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, இந்த நாட்டுல ஐசி இல்லாதவன் எவன் இருக்கான் நவமணி, அப்படி ஒருத்தன் இருந்தா அவன் ஆளே இல்ல, ஆவின்னு. ரூமே சிரிச்சுச்சு. துரைக்குத் தமிழ் புரியாது, பக்கத்துல இருந்தவர் சொன்னதும் அவரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்ணே, பொய் சொல்ல மாட்டேன். அவ உக்காந்துட்டா. பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பிச்சா. கூட்டம் முடியற வரைக்கும் சீவிக்கிட்டே இருந்தா.

– ஒரு பேச்சுக்குச் சொன்னது சுலைகா. நான் கிள்ளான் டவுன்காரன். அப்பா போஸ்ட் ஆபிஸ்ல வேலை. பன்னெண்டு வயசுல கூட்டிட்டுப் போய் ஐசி எடுத்துக் குடுத்தாரு. எனக்குத் தெரிஞ்சவன் எல்லார்கிட்டயும் இருந்துச்சு. அது இல்லாம ஒருத்தன் இருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல.

– தோணாதுதான். லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல பொறந்த புள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் எடுக்கணும்னா டவுனுக்கு ஒரு நாள் போகணும். காலையில பெரட்டுல பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லைன்னா அன்னிக்குப் பால் வெட்டுக் கூலி போச்சு. அடுத்த மாசம் போலாம், தீவாளிக்கு அப்புறம் போலாம்னு விட்டுடுவாங்க. சிலதுக்கு அப்பன் ஆத்தாளுக்கே பத்திரம் கெடையாது, அப்புறம் புள்ளைக்கு எங்க போய் எடுக்க? புள்ள வளந்து மரம் வெட்டும், கல்யாணம் பண்ணும், பேரன் எடுக்கும். தோட்டத்துல எல்லாருக்கும் அதைத் தெரியும். பதிவு ஆபிஸுக்கு மட்டும் அப்படி ஒருத்தரு பொறக்கவே இல்ல.

– சரி, புரியுது. ஆனா டேட்டா முழுக்க ஏறிடுச்சே. ஐசி கட்டம் காலியா இருந்தா மெஷின் வாங்காது. ஒரு தாள் கூடத் திரும்பி வரலையே. அதனாலதான் எல்லாருக்கும் ஐசி இருக்குன்னு நான் நம்பினேன்.

– அதுக்குத்தான் வர்றேன். தாள் எல்லாம் யார் கைவழியாப் போச்சு? நீங்க ஆளுக்கொரு பலகை மாட்டிக்கிட்டிருந்தீங்க. கம்பிக்கு ஒருத்தரு, சாவிக்கு ஒருத்தரு, மொத்தத்துக்கு நீங்க. அத்தனை பேரோட யோசனையும் கடைசியில என்னோட பத்து விரல் வழியாத்தான் உள்ள போகணும். டிசம்பர் முடியிறதுக்குள்ள பதினோரு தோட்டம் ஏத்தணும். நாங்க மூணு பொண்ணுங்க. மொத காலி கட்டம் வந்தப்ப மெஷின் பீப்புன்னு கத்துச்சு, மேல போக விடல. நான் ஜெய்னுலாப்தீன் காக்காகிட்ட கேட்டேன். அவரு, எதையாவது போட்டு ஏத்தும்மா, பொறகு திருத்திக்கலாம்னாரு. ஒன்பது ஒன்பதா ஏழு ஒன்பது போட்டேன். மெஷின் வாயை மூடிக்கிச்சு. அடுத்த காலி கட்டம் வந்துச்சு, அதுக்கும் ஏழு ஒன்பது. மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு எனக்குப் பெரிய கெட்டிக்காரின்னு நெனப்பு.

– எல்லாருக்கும் அதே நம்பரா?

– எல்லாருக்கும்.

– சுலைகா, ஒரே நம்பர் மறுபடியும் வந்தா மெஷின் அதைப் புது ஆளா எடுத்துக்காது. அதே ஆளு, விவரம் மாறியிருக்குன்னு நெனச்சு, பழசை அழிச்சிட்டுப் புதுசை எழுதும். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.

– அது எனக்குத் தெரியாதே. எனக்கு யார் சொன்னா? உங்க ரூம்லேருந்து எங்க ரூமுக்கு வந்தது தாள்தான், பேச்சு வரல. ஒருத்தரை ஏத்தும்போது முன்னால ஏத்தினவரை நானே என் விரலால அழிச்சிருக்கேன். நாப்பத்து மூணு பேருண்ணே. கடைசியில ஒரே ஒரு ஆளுதான் மிஞ்சினது.

– நாப்பத்து மூணா? எண்ணிக்கை குறைஞ்சுச்சு, ஞாபகம் இருக்கு. வயசாகி நின்னவங்க, ஊருக்குப் போனவங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். தோட்டத்துலேருந்து யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே.

– தோட்டத்துல கணக்கு எழுதற கிராணிமார் என்ன பண்ணினாங்கன்னா, மெஷின் அடிச்சு வர்ற தாளுக்குக் கீழ, விட்டுப்போன பேரைக் கையால எழுதிச் சமாளிச்சாங்க. மேல சொன்னா நாமதான் தப்பாக் குடுத்தோம்னு பழி வரும்னு பயம். பெரட்டுக்கு அது போதும், வேலை குடுத்தாங்க. ஆனா ஆஸ்பத்திரிப் பட்டியலு, புது வீட்டுப் பட்டியலெல்லாம் மெஷின்லேருந்து நேரா வந்துச்சு. அதுல யாரு கையால எழுதுவா? ஆத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்துல இராஜம்மான்னு, இருபத்தாறு வருஷம் மரம் வெட்டினவங்க. பழைய லயத்தை இடிச்சு எல்லாருக்கும் புது வீட்டுச் சாவி குடுத்தப்ப அவங்க பேரு கூப்பிடல. கடைசி வரைக்கும் வரிசையில நின்னாங்களாம். இப்ப புள்ளைங்களைப் பாத்துக்கிற ஆயாக்கொட்டகை ஓரமா ஒரு ரூம்ல இருக்காங்க.

– கடவுளே. இதை நான்தான் பண்ணினேன்.

– நீங்க மட்டும் இல்ல, நானும்தான். அதனாலதான் இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேன், இல்லாட்டி எனக்கென்ன? டீ ஆறுது, குடிங்க. இன்னும் இருக்கு.

– சொல்லு.

– தோட்டமெல்லாம் ஏத்தி முடிச்சோம். கடைசியா ஆபிஸ் ஆளுங்க தாள் வந்துச்சு, நம்ம மாடியில வேலை செய்யிறவங்க. முப்பது முப்பத்தஞ்சு தாளு. அதுலயும் ஒண்ணுல ஐசி கட்டம் காலி. எனக்குக் கை நின்னுபோச்சு. பேரைப் பாத்தேன், திரும்பியும் பாத்தேன். பொறகு எல்லாருக்கும் போட்ட மாதிரி ஏழு ஒன்பது போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

– ஆபிஸ்லயா? நம்ம ஆபிஸ்ல யாரு?

– நீங்களே யோசிங்க. ஜனவரி மாசம் பட்டியல் அடிச்சு வந்தப்ப, நீங்க எனக்கு ஒரு மெமோ எழுதினீங்க.

– மெமோ... ஆமா. டெஸ்ட் ரெக்கார்டை நிஜ ஃபைல்ல விட்டு வைக்கக் கூடாதுன்னு எழுதினேன். ஏழு ஒன்பது போட்டு ஒரு ரெக்கார்டு இருந்துச்சு. ட்ரையல் பாக்கிறதுக்கு அப்படித்தான் பொய்யா ஒண்ணு போட்டு வைப்பாங்க. யாரோ விளையாட்டுக்கு அதுல நம்ம நவமணி பேரையே...

– ம்.

– நவமணி பேரையே போட்டிருந்தாங்க.

– யாரும் விளையாட்டுக்குப் போடலண்ணே.

– நான் அவளைக் கூப்பிட்டேன் சுலைகா. இங்க வந்து பாரு நவமணி, உன் பேருல ஒரு டம்மி ஆளு உக்காந்திருக்கான்னு. அவ வந்து என் நாற்காலிக்குப் பின்னால நின்னா. அழிச்சிடவான்னு கேட்டேன்.

– அவ என்ன சொன்னா?

– உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்கன்னா. நான் அழிச்சேன். அவ கண்ணு முன்னால, சிரிச்சுக்கிட்டே, நானே அழிச்சேன்.

– கண்ணைத் தொடைங்க, அத்தா பாக்கிறாங்க. தண்ணி குடிங்க. அன்னிக்குச் சாயந்தரம் பஸ்ஸுல வரும்போது அவ என்கிட்ட அதைச் சொன்னா. அழல. காலி கட்டத் தாளையெல்லாம் எடுத்து எண்ணிப் பாத்திருக்கா. நாப்பத்து மூணு பேருல நான் ஒருத்திதான் மிஞ்சினேன், அவர் என்னையும் சுத்தம் பண்ணிட்டாருன்னு சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

– அவகிட்ட ஐசி இல்லையா? ஒண்ணுமே இல்லையா?

– ஒரு துண்டுக் காகிதம் இருக்கு. மனு போட்டிருக்கிறதா பதிவு ஆபிஸ்ல முத்திரை குத்திக் குடுத்தது. அப்பா நல்லசாமி முப்பது வருஷம் ஆளுங்களை வேலை வாங்கின மண்டோரு, அந்த மனுஷனுக்கே பத்திரம் கெடையாது. ஹெட்மாஸ்டர் கடுதாசி, தோட்டத்து மேனேஜர் கடுதாசின்னு காட்டித்தான் அஞ்சாம் பாரம் பரீட்சையே எழுதினா. அதே மேனேஜர் சொல்லித்தான் ஆபிஸ்ல வேலை. அந்தக் காகிதத்தைப் புதுப்பிக்கிறதுக்கு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி லீவு போடுவாளே, நீங்க கூட, கோயிலுக்குப் போறியான்னு கேலி பண்ணுவீங்க.

– பண்ணினேன்.

– மார்ச்சு மாசத்துலேருந்து ஆபிஸ் ஆளுங்களுக்குக் கடிதம், கார்டு எல்லாம் மெஷின்லேருந்துதான்னு ஆச்சு. அதுக்கு முன்னாலயே பிப்ரவரியில எல்லார் மேசையிலயும் புது வேலைக் கடிதம் வந்து விழுந்துச்சு. அவ மேசையில விழல. ஒரு வாரம் பாத்தா. யாரும் அவளைப் போன்னு சொல்லல, மெஷின்ல அவளுக்குக் கடிதம் இல்ல, அவ்வளவுதான். வெள்ளிக்கெழமை பென்சிலைச் சீவி அடுக்கிட்டு வந்துட்டா. நானும் நாலு மாசத்துல நிக்காஹ் ஆகி, வேலையை விட்டுட்டு இங்க அத்தா கடைக்கே வந்துட்டேன். இதைச் சொல்ல அப்புறம் அங்க யாரும் இல்ல.

– நீயாவது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவளாவது என்கிட்ட... அதுக்கு முந்தின வருஷமே அவளை நான் கேட்டேன் சுலைகா, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. இதே ஊர்ல, மலாவத்தி குன்றுமேல, பீரங்கிக்குப் பக்கத்துல. பாக்கலாம்னா. மாசத்துக்கு ஒரு தடவை கேட்டேன், பாக்கலாம் பாக்கலாம்னா. என்னைக் கட்டிக்கிட்டா அவளுக்கு நாளைக்குக் கார்டு கிடைக்க வழி இருக்கே. குடியுரிமை இருக்கிற நீல ஐசிக்காரன் பொண்டாட்டிக்குக் குடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அப்ப தெரிஞ்சிருந்தா அன்னிக்கே இழுத்துக்கிட்டுப் போய் பதிஞ்சிருப்பேன்.

– அதுக்குத்தான்ணே சொல்லல. அவ பயந்தது அதுக்குத்தான். நான் அந்தாளை ஆசைப்பட்டேன்னு நாளைக்கு யார் நம்புவா, கார்டுக்காகக் கட்டிக்கிட்டான்னுதான் பேசுவாங்க, அவருக்கே ஒரு நாள் அப்படித் தோணிட்டா நான் எங்க போவேன்னா. மனுவுக்குப் பதில் வரட்டும், கார்டைக் கையில வச்சுக்கிட்டு அவருக்குச் சரின்னு சொல்றேன்னு இருந்தா. ஒன்பது வருஷமா அந்த மனுவுக்குப் பதில் வரல.

– இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறாளா?

– அவ நெனைக்கிறதை நான் எப்படிச் சொல்ல? ராத்திரியில உங்க கடிதம் நாலையும் படிக்கிறா, அது தெரியும். மடிப்பு கிழிஞ்சு, பின்னால தாள் ஒட்டி வச்சிருக்கா.

– அவ சிங்கப்பூருக்கு வரவே முடியாது. பாஸ்போர்ட் எடுக்க முடியாது. நான் அவளுக்கு வேலை வாங்கி, கடிதம் வாங்கி, பெருமையா தூக்கிட்டு வந்திருக்கேன். மொத்தத்தையும் பாக்கிறவன்னு என்னைக் கூப்பிடறாங்க சுலைகா. என் கூட நாலு வருஷம் ஒரே மேசையில சாப்பிட்டவளை நான் பாக்கல.

– ஆமா, பாக்கல. மறைச்சு என்ன ஆகப்போகுது. மேல நின்னு பாத்தா தோட்டம் பச்சையாத் தெரியும், அதுக்குள்ள நடந்து போனாத்தான் காலைக் கடிக்கிற அட்டை தெரியும்னு தங்கராஜுண்ணன் சொல்லும். அது லைன் போட நடந்த ஆளு. நீங்க பலகை முன்னால நின்ன ஆளு.

– அவ எங்க இப்ப? அதையாவது சொல்லு. நான் நேரா போய்ப் பாத்துப் பேசறேன். மன்னிப்புக் கேக்கிறேன்.

– பத்தாங் காலி பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கா. அங்க இருக்கிற மருத்துவச்சி இந்தப் பக்கத்து லயங்கள்ல முப்பது வருஷம் பிரசவம் பாத்தவங்க. யாரு, எந்த வருஷம், எந்த லயத்துல, எந்த மழைக்குப் பொறந்தாங்கன்னு அந்தம்மாவுக்கு எல்லாம் மனப்பாடம். அவங்க வாயால கேட்டு எழுதி, பெருவிரல் ரேகை வாங்கிட்டு வருவா. பதிவு ஆபிஸ்ல சாட்சி கேக்கிறாங்களே, அதுக்கு. இப்ப அதுதான் அவ வேலை. தோட்டம் தோட்டமா பஸ்ஸுல போறா, மனு எழுதிக் குடுக்கிறா. நீங்க சிங்கப்பூர்ல குடுக்கிறீங்களே அந்த டேட்டா உத்தியோகம், அதை இங்க பலகை இல்லாமப் பண்றா.

– எப்ப திரும்புவா?

– கடைசி பஸ்ஸுக்கு. நீங்க வர்றது தெரிஞ்சுதான் இன்னிக்குப் போனா. நேர்ல பாத்தா அழுதுடுவேன் சுலைகா, அழுதா அவர் எல்லாத்துக்கும் சரின்னுடுவாரு, அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம்னா. இந்த உறையைக் குடுக்கச் சொன்னா. இந்தாங்க.

– கனமா இருக்கே. கடிதமா?

– பிரிச்சுப் பாருங்க.

– இது... படிவம். ஒவ்வொரு தாளுலயும் ஒரு ஆளு. பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, பொறந்த லயம், சாட்சி, கணவன் அல்லது மனைவி பேரு, புள்ளைங்க பேரு. மேல நம்பர். ஒண்ணு. ரெண்டு. மூணு. அவ அன்னிக்குக் கூட்டத்துல கேட்டாளே, அந்த நம்பரு. இராஜம்மா பன்னெண்டாவது.

– நாம ரெண்டு பேரும் அழிச்சவங்க. ஒருத்தரு விடாம தேடிப் புடிச்சிருக்கா. இதைச் சொல்லச் சொன்னா, அவ சொன்ன மாதிரியே சொல்றேன். அந்த ஃபைலோட அடித்தளத்தை மாத்த அவர் ஒருத்தராலதான் முடியும், வேற யாரு கையை வச்சாலும் உடைஞ்சிடும், அதனால எங்க போறதா இருந்தாலும் இவங்களை உள்ள வச்சிட்டுப் போகச் சொல்லு. அவ்வளவுதான்.

– இதுக்கு மூணு மாசம் ஆகும் சுலைகா. அடையாளத்தையே மாத்தணும்னா எல்லாப் பட்டியலையும் பிரிச்சுக் கட்டணும். சிங்கப்பூர்ல அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க.

– அது அவளுக்கும் தெரியும்.

– அவ என்னைக் கேக்கிறது இந்த வேலையை மட்டும்தானா? செஞ்சு குடுத்துட்டுப் போயிடுங்கிறாளா? வேற ஒண்ணும் இல்லையா? எனக்குன்னு ஒரு வார்த்தை கூட எழுதலையா? திட்டியாவது எழுதியிருக்கலாம்.

– கடைசித் தாளை எடுங்க.

– நாப்பத்து மூணு. பேரு, நவமணி. அப்பா, நல்லசாமி. அம்மா, லெட்சுமி. பொறந்த லயம், எட்டாம் நம்பர். சாட்சி இருக்கு, ரேகை இருக்கு. எல்லாம் எழுதியிருக்கா. கணவர் பேருக்கு மட்டும் ஒண்ணும் போடல. கட்டம் காலியா இருக்கு. அவசரத்துல மறந்திருப்பா.

– பதினாறாம் நம்பரை எடுத்துப் பாருங்க. அதுவும் பொண்ணுதான், கல்யாணம் ஆகல. அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கா?

– 'இல்லை'ன்னு எழுதியிருக்கா.

– இருபத்தெட்டு?

– அதுலயும் 'இல்லை'.

– முப்பத்தொண்ணு, முப்பத்தஞ்சு, நாப்பது, எல்லாம் பாருங்க. ஒரு கட்டத்தைக் காலியா விட்டா பதில் இன்னும் வரணும், அதுக்கு எடம் வச்சிருக்கோம்னு அர்த்தம்னு சொல்லுவா அவ. இல்லைன்னு எழுதத் தெரியாதவ இல்லண்ணே அவ.